கணிப்பொறித் திரையில் கருப்பு ஏன் வெளுக்கிறது?

ஊரிலிருந்து வரும் கல்யாணப் படங்களைக் கணிப்பொறியில் போட்டுக் குடும்பத்தோடு பார்ப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. புதிதாக வாங்கிய திரையில் மணப்பெண்ணின் கருங்கூந்தல் சாம்பல் பூத்துத் தெரிந்தால், கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் சற்றுப் பொறுங்கள். திரை நல்லதாகவே இருக்கலாம், அமைப்பு மாறியிருக்கலாம்.

கணிப்பொறி ஒவ்வொரு நிறத்தின் ஒளியையும் 0 முதல் 255 வரை 256 படிகளாகக் கணக்கிடுகிறது. 0 கருப்பு, 255 வெண்மை. தொலைக்காட்சியின் கணக்கு வேறு. அங்கே 16தான் கருப்பு, 235தான் வெண்மை. நிலையங்களின் படங்களை எண்களாக மாற்ற 1982-இல் வகுத்த சர்வதேசப் பரிந்துரையிலேயே இந்த ஏற்பாடு உண்டு. சிக்னல் எல்லை தாண்டிச் சற்று ஏறினாலும் இறங்கினாலும் வெட்டுப்படாதிருக்க, ரவிக்கைக்கு உள்தையல் விடுவதுபோல் இரு முனையிலும் இடம் விட்டார்கள்.

இரண்டும் தனித்தனியே இருந்தவரை தொல்லையில்லை. எச்.டி.எம்.ஐ. கேபிள் வந்தபின் இரண்டும் ஒரே வழியில் பயணிக்கின்றன. 1920-க்கு 1080 போன்ற தொலைக்காட்சி அளவுகளுக்கு 'லிமிடெட்' வீச்சே இயல்பு என்பது விதி. பல மானிட்டர்களும் அதே அளவுதான். எனவே சில கணிப்பொறிகள் மானிட்டரையும் டி.வி. என்று எண்ணி 16-இல் தொடங்கி அனுப்புகின்றன. 0-வை எதிர்பார்க்கும் மானிட்டரில் கருப்பு வெளுக்கிறது, வெண்மை மங்குகிறது. மாறாக, டி.வி.க்கு முழு வீச்சை அனுப்பினால் 16-க்குக் கீழே எல்லாம் ஒரே இருட்டு. 235-க்கு மேலே பட்டுச்சேலையின் ஜரிகை வேலைப்பாடு வெள்ளைத் திட்டாகிவிடும்.

பார்ப்பதோடு போனால் கவலையில்லை. வெளுத்த திரையை நம்பி, தாத்தா பாட்டியின் பழைய படத்தைக் 'கருப்பேற்றி'ச் சேமித்துவிட்டால் படமே கெடும். கருப்பில் கரைந்த நுணுக்கம் அந்தக் கோப்பிலிருந்து மீளாது. மூலப்படத்தை எப்போதும் தனியே வைத்திருங்கள்.

எதைத் தேர்வது? மானிட்டர் என்றால் 'ஃபுல்'. டி.வி. என்றால் 'ஆட்டோமேட்டிக்' போதும். அது சரிப்படாவிட்டால் இரு பக்கமும் ஒரே வீச்சை நீங்களே வையுங்கள். என்விடியாவில் இதற்கு 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' என்று பெயர். சாம்சங் டி.வி.களில் 'எச்.டி.எம்.ஐ. பிளாக் லெவல்' என்று இருக்கும். பெயர் எதுவானாலும், அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே படியால் அளக்க வேண்டும், அவ்வளவே.

சோதிப்பதும் எளிது. பெயின்ட் செயலியில் முழுக்கருப்புப் பின்னணியில் மூன்று நிறங்களுக்கும் 10 என்று கொடுத்து ஒரு கட்டம் வரையுங்கள். வெள்ளைப் பின்னணியில் 245 கொடுத்து இன்னொன்று. அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். இரண்டு கட்டமும் மங்கலாகவேனும் தெரிந்து, கருப்பும் கருப்பாகவே இருந்தால் அமைப்பு சரி. கட்டங்கள் மறைந்தாலோ, பின்னணி சாம்பலாகத் தெரிந்தாலோ வீச்சை மாற்றிப் பாருங்கள். மெக்கானிக்கை அழைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.