பழைய இன்ஜினில் சொந்த கார்ட்: வேலிக்குள் மட்டும் ஓடட்டும்

காயலான் கடையில் ஒரு பைக் இன்ஜின், கொஞ்சம் இரும்புக் குழாய், நான்கு பழைய டயர், கடனுக்கு வேலை செய்து தரும் வெல்டிங் பட்டறை. மண் தரையில் ஓடும் கோ-கார்ட் செய்ய இவ்வளவு போதும் என்று பாலிடெக்னிக் மாணவர்களும் பட்டறைப் பையன்களும் இறங்கிவிடுகிறார்கள். இறங்கட்டும். 1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் செய்த முதல் கார்ட் புல்வெட்டும் இயந்திரத்துக்கான உபரி இன்ஜினில்தான் ஓடியது. கோவையில் எஸ். கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்துப் பந்தயக் கார்களை உருவாக்கினார். தன் கையால் ஒரு வண்டியைச் செய்து பார்க்கும் பிள்ளை கற்றுக்கொள்வதை எந்தப் பாடப்புத்தகமும் தராது. அந்தப் பிள்ளை வழக்கிலோ மருத்துவமனையிலோ போய் நிற்கக் கூடாது என்பதே என் கவலை.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதை. தொழிற்சாலைக்குள்ளோ அடைப்புள்ள வேறு வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென அமைந்த சிறப்பு வகை வண்டியை ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறையிலிருந்து விலக்கிவைக்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு. நான்கு சக்கரத்துக்குக் குறைவாகவும் இன்ஜின் 25 சி.சி.க்கு மேற்படாமலும் இருந்தால் இன்னொரு விலக்கு உண்டு. நான்கு சக்கர கார்ட்டுக்கு அது பொருந்தாது. ஆக, சட்டம் விட்டிருக்கும் வாசல் ஒன்றுதான்: சுற்றிலும் வேலியோ சுவரோ உள்ள இடம், அதுவும் உரிமையாளரின் சம்மதத்தோடு.

“நாங்கள் மெயின் ரோட்டுக்குப் போவதில்லை, ஊர்த் திடலில்தான் ஓட்டுகிறோம்” என்று பலர் சொல்கிறார்கள். பொதுமக்கள் வந்துபோக உரிமையுள்ள எந்த இடமும் அதே சட்டத்தில் ‘பொது இடம்’தான். ஊர்த் திடல், தெரு, வண்டிப்பாதை எல்லாம் அதில் அடங்கும். காய்ந்த ஏரியும் ஆற்று மணலும் அரசுக்குச் சொந்தமானவை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியோடு நுழைந்தால் வனச் சட்டம் தனியாகப் பாயும்.

பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். காப்பீடு இல்லாததற்கும், உரிமம் இல்லாவிட்டால் அதற்கும் தனித்தனியாகத் தண்டனை உண்டு. “அப்படியானால் பதிவு செய்துகொள்கிறோம்” என்றால் நடைமுறையில் வழி இல்லை. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மாடலும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பில் சோதனை முடித்துச் சான்று பெற்ற பிறகே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகிறது. பட்டறையில் செய்த ஒற்றை வண்டி அந்த வரிசையில் நிற்கவே முடியாது. “நம்பர் வாங்கித் தருகிறேன்” என்று பணம் கேட்கும் தரகரை நம்பாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை பொது இடத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி. மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அந்தப் பிள்ளை 25 வயதுவரை உரிமம் எடுக்க முடியாது. வேலைக்குப் போகும் வயதில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

இனி இன்ஜின். சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கினாலும் உள்ளூர் காயலான் கடையில் வாங்கினாலும், விலை பேசும் முன் இன்ஜின் நம்பரைப் பாருங்கள். ராவியோ தட்டியோ இருந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். “பாதி விலைக்குத் தந்தார், கேட்கவில்லை” என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் இன்ஜின், சேஸிஸ் நம்பர்களைக் கொடுத்து, திருட்டுப் புகார் உள்ளதா என்று யாரும் பார்க்கலாம். நம்பர் குறிப்பிட்ட பில், விற்றவரின் அடையாள அட்டை நகல், ஆர்.சி. நகல் மூன்றையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு நீங்களும் அந்த நம்பரை அழிக்காதீர்கள்.

பழைய பைக்கை எடைக்குப் போடுகிறவரும் கவனிக்க வேண்டும். வண்டி இனி ஓடாது என்றானதும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. பெயர் மாறாதவரை ஆர்.சி.யில் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன்குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

செய்யும்போது உள்ள ஆபத்துகளில் பலர் அலட்சியம் செய்வது பின்னால் சுழலும் ஆக்சிலையும் செயினையும்தான். 2018-இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும் 2020-இல் ஹைதராபாத் அருகிலும் கார்ட் ஓட்டச் சென்ற இரண்டு இளம்பெண்கள் தலைமுடி சிக்கி இறந்தார்கள். இரண்டும் பணம் கட்டி ஓட்டும் இடங்கள். வீட்டில் செய்த வண்டியில் மூடியே இருக்காது. செயின், ஸ்ப்ராக்கெட், ஆக்சில் மூன்றையும் தகட்டால் முழுக்க மூடாமல் இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். முடியைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் அடக்க வேண்டும். துப்பட்டா, வேட்டி, லுங்கி, கழுத்துத் துண்டு எதுவும் கூடாது.

தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப்பில் வண்டியின் சட்டகத்தைச் செய்யாதீர்கள். வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு புகையாகி, அன்றிரவே குளிர்காய்ச்சலில் படுக்கவைக்கும். வெல்டிங்கும் பலமாக அமையாது. பழைய பெட்ரோல் டேங்க்கைக் காலி செய்துவிட்டோம் என்று பற்றவைப்பது அதைவிடக் கொடியது. உள்ளே தங்கிய ஆவியே வெடிக்கும். டேங்க்கை இன்ஜினுக்கு மேலே வைக்காமல், இருக்கைக்கும் இன்ஜினுக்கும் நடுவே தகடு ஒன்றை நிறுத்துங்கள். பைக் இன்ஜின் ஓடும் காற்றில் குளிர்வது. முதுகுக்குப் பின்னால் அடைத்து வைத்தால் சூடேறி நின்றுவிடும். காற்று வர வழி விட வேண்டும், இல்லையேல் மின்விசிறி உள்ள ஸ்கூட்டர் இன்ஜினைத் தேர்ந்தெடுக்கலாம்.

மேடுபள்ளத்தில் ஓடும் வண்டி கவிழும். தலைக்கு மேலே கூண்டு இருந்தால் பெல்ட் கட்டாயம். கூண்டு இல்லாமல் பெல்ட் போட்டால் கவிழும் வண்டியோடு சேர்ந்து நசுங்க நேரும். தார்த் தளத்தில் ஓடும் பந்தயக் கார்ட்டில் பெல்ட் இல்லாததற்கு அதுதான் காரணம். அதைப் பார்த்து மண்ணில் ஓடும் வண்டியைச் செய்யாதீர்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்கு இரண்டு ஸ்பிரிங், ஓட்டுபவர் கைக்கு ஒன்றும் வெளியே நிற்பவர் கைக்கு ஒன்றுமாக இரண்டு கில் சுவிட்ச், ஒரு தீயணைப்பான். இவற்றுக்குப் பணம் போதவில்லை என்றால் வேலையைத் தள்ளிவையுங்கள். பிரேக் பிடித்து நிற்கும் என்று தள்ளிப் பார்த்து உறுதியாகும்வரை இன்ஜினைப் பூட்டவே வேண்டாம்.

விபத்து நடந்துவிட்டால் 108-ஐ அழையுங்கள். வழக்குக்குப் பயந்து வண்டியை ஒளித்துவிட்டுக் காயம்பட்டவரைத் தாமதமாகக் கொண்டுபோவதுதான் உயிரைப் பறிக்கிறது. சாலையில் நடந்த விபத்தென்றால் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். பொது இடத்தில் அடிபட்டவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். கார்ட்டுக்குக் காப்பீடு இல்லாததால் தொகை முழுவதும் உரிமையாளர் கையிலிருந்து போக வேண்டியிருக்கும். கவனக்குறைவால் ஒருவர் இறந்தால் ஐந்தாண்டு வரை சிறை. பணம் கட்டி ஓட்டிய இடத்தில் அடிபட்டால் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்; 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை. “என் பொறுப்பில் ஓட்டுகிறேன்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒதுங்கிவிடாதீர்கள். நுகர்வோர் உதவிக்கு 1915, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

வேலியிட்ட இடம் கிடைக்காத மாணவர்கள் கல்லூரி வழியாக ‘பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா’ போட்டிக்கு அணி சேருங்கள். 2007 முதல் நடக்கும் அந்தப் போட்டியில் மாணவர்களே மண்ணில் ஓடும் வண்டியை வடிவமைத்துக் கட்டுகிறார்கள். கூண்டும் பெல்ட்டும் பிரேக்கும் சோதனையில் தேறினால்தான் வண்டி களத்தில் இறங்கும். கல்லூரி நிர்வாகிகளே, கேட்டு வரும் பிள்ளைகளுக்குப் பட்டறையின் ஒரு மூலையையும் ஒரு ஆசிரியரையும் ஒதுக்கிக் கொடுங்கள்.