கண்ணாடியைக் கழற்றும் முன்

லேசர் சிகிச்சை கேட்டுக் கண் பிரிவுக்கு வருவோரில் பலர் கையில் ஒரு தேதியோடு வருகின்றனர். திருமண முகூர்த்தமோ, வேலைக்கான உடற்தகுதித் தேர்வோ நெருங்கியிருக்கும். “பத்து நிமிட வேலைதானே, இந்த வாரமே செய்துவிடலாமா?” என்பது அவர்களின் முதற்கேள்வி. பத்து நிமிட வேலை என்பது உண்மைதான். லேசர் கதிர் கண்ணில் விழும் நேரம் அதனினும் குறைவு. ஆயினும், கண்ணாடி அணிந்தால் நன்றாகவே பார்க்கக்கூடிய கண்ணில் செய்யப்படும் அறுவை சிகிச்சை இது. ஆகவே அதன் பக்கவிளைவுகளை ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

லேசிக் முறையில் கருவிழியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 100 முதல் 120 மைக்ரான் தடிமனுள்ள படலம் ஒன்று மூடிபோல் திறக்கப்படுகிறது. அடியிலுள்ள திசுவை எக்சைமர் லேசர் செதுக்கியபின் மூடி மீண்டும் படிய வைக்கப்படுகிறது. தையல் இல்லை. செதுக்கிய திசு மீண்டும் வளர்வதுமில்லை.

இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டியுள்ளது. கருவிழியின் நடுப்பகுதி பொதுவாகச் சுமார் 540 மைக்ரான் தடிமன் உடையது. அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். கிட்டப்பார்வையில் ஒரு பவரைக் குறைக்க 12 முதல் 15 மைக்ரான் வரை திசு செலவாகும். ஒருவருக்குக் கருவிழித் தடிமன் 490 மைக்ரான், பவர் மைனஸ் 8 எனக் கொள்வோம். மூடிக்கு 110, செதுக்குவதற்கு 110 போனால் எஞ்சுவது 270. குறைந்தது 250 எஞ்ச வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கம். 300க்குக் குறையலாகாது எனக் கருதும் மருத்துவர்களும் பலர் உள்ளனர். இத்தகையவரிடம் “உங்களுக்கு லேசிக் வேண்டாம்” என்று நாங்கள் கூறினால், அதைக் கேட்டு மனம் வருந்துவோரே மிகுதி.

வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. எஞ்சிய கருவிழி மெலிந்தோ இயல்பிலேயே வலுவிழந்தோ இருந்தால், கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்காமல் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து முன்புறமாகப் புடைக்கத் தொடங்கும். இது அரிதாகவே நேர்கிறது. நேர்ந்தால் சாதாரணக் கண்ணாடியால் பார்வையைச் சரிசெய்ய இயலாது. கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சையும், சிலருக்குக் கருவிழி மாற்றும் தேவைப்படலாம். கூம்புக் கருவிழி நோயின் தொடக்கம் இருப்பவர்க்கே தெரிவதில்லை. டோப்போகிராபிப் படம்தான் அதைக் காட்டும். கண்ணைக் கசக்கும் பழக்கமோ குடும்பத்தில் அந்நோயோ இருந்தால் மறைக்காமல் கூறுங்கள். காண்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவைத் தற்காலிகமாக மாற்றிவிடும். எனவே பரிசோதனைக்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே மென்லென்ஸ் அணிவதை நிறுத்த வேண்டும். கடின லென்ஸாயின் இன்னும் முன்னதாக.

பெரும்பாலோர் சந்திப்பவை இத்தனை கடுமையானவை அல்ல. மூடியைத் திறக்கும்போது கருவிழியின் நுண்ணரம்புகள் அறுபடுவதால் கண்ணீர் சுரப்பு குறைந்து, உறுத்தலும் எரிச்சலும் உண்டாகும். ஓராண்டுக்குள் பலருக்கு இது தணியும், சிலருக்கு நீடிக்கும். நாள் முழுவதும் குளிரூட்டிய அறையில் கணினி முன் அமர்வோர் இதைக் கூடுதலாக உணர்வர். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது மற்றொன்று. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கேற்ற ஆய்வுகளில், முன்பு பார்வைத் தொந்தரவே இல்லாதவர்களில் 46 விழுக்காடு வரையினர் 3 மாதம் கழித்துப் புதிதாக ஏதேனும் ஒன்றைக் குறிப்பிட்டனர். அதனால் அன்றாட வேலைகளில் பெரிதும் இடர்ப்பட்டோர் 1 விழுக்காட்டுக்கும் குறைவே. இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர் இவ்விரு எண்களையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிருமித்தொற்றும் மூடி விலகுதலும் அரியவை. உடன் இருப்போர் ஒன்றைக் கவனித்தால் போதும்: கடும் வலியோ திடீர் மங்கலோ தோன்றினால் மறுநாள் வரை காத்திராமல் அழைத்து வாருங்கள்.

நாற்பதை நெருங்குவோருக்கு ஒரு சொல். வெள்ளெழுத்தை இச்சிகிச்சை தடுப்பதில்லை. இன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்தித்தாள் படிக்கும் கிட்டப்பார்வையர், சிகிச்சைக்குப்பின் அதே செய்தித்தாளுக்குக் கண்ணாடி தேட நேரிடும். விழித்திரையும் மாறுவதில்லை, அதிக பவர் உள்ளவர் ஆண்டுதோறும் அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சைக்கு முந்தைய அளவீட்டுத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் கண்புரை வரும்போது செயற்கை லென்ஸின் பவரைக் கணிக்க அவை உதவும். கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். அதனால் குளுக்கோமா கண்ணுக்குத் தப்பக்கூடும். இருபது ஆண்டு கழித்து எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் சென்றாலும், லேசர் செய்துகொண்டதை முதலில் சொல்லிவிடுங்கள். பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரியாமல் போகலாம்.