சூளைப் பதிவேட்டுக்கு ஏற்ற தரவுத்தளம்

எப்போதாவது திறக்கப்படும் சிறிய மென்பொருளுக்குத் தரவுத்தளம் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தைவிட முக்கியமானது, கவனிப்பாரின்றிக் கிடந்தாலும் அது கெடாமல் இருக்குமா என்பது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பியூஸ் கேரியர், அகல் விளக்கு, பொம்மை செய்யும் சிறு பட்டறை ஒன்றின் சூளைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளலாம். களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கலந்த விகிதம், சூளை எட்டிய வெப்பம், விரிசல் கண்ட உருப்படிகள் ஆகியவை அதில் ஏறும். வாரம் ஒரு சூளை, சூளைக்கு 20 வரிகள் என்றால் பத்து ஆண்டுகளில் சுமார் 10,000 வரிகள். எந்தத் தரவுத்தளத்துக்கும் இது சுமையே அல்ல.

ஒருவர் மட்டும் எழுதும் ஒரே பட்டியலுக்கு எக்செல் போதும். கலவைக்கு ஒன்று, சூளைக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று எனப் பட்டியல்கள் பெருகி ஒன்றையொன்று சார்ந்திருக்கும்போது சிக்கல் தொடங்குகிறது. இல்லாத கலவை எண்ணை யாராவது எழுதினாலும் எக்செல் தானாகத் தடுக்காது. அட்டவணைகளைத் தொடர்புபடுத்தி இத்தகைய தவறைத் தடுக்கும் முறைக்கு 1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்ட கட்டுரை அடித்தளம் இட்டது.

இம்முறையில் இயங்கும் தரவுத்தளங்களில் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவை சர்வர் வகை. கேட்பவர் வருகிறாரோ இல்லையோ, தனி நிரல் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் பெரிய பதிப்பு ஆண்டுக்கு ஒன்று வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள்தான் ஆதரவு. பழைய பதிப்பின் தரவை உரிய முறையில் மாற்றித் தராமல் புதிய பதிப்பு திறக்காது. மேகக்கணினியில் வாடகைக்கு எடுத்தால், பல திட்டங்களில் சும்மா இருக்கும் நேரத்துக்கும் கட்டணம் உண்டு.

எஸ்க்யூலைட் இவற்றிலிருந்து வேறுபட்டது. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹிப், நிர்வாகி தேவைப்படாத தரவுத்தளமாக இதை 2000-இல் உருவாக்கினார். இதற்குத் தனி சர்வர் கிடையாது. மென்பொருளுக்குள்ளேயே சேர்ந்து இயங்கும். தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். உரிமக் கட்டணம் இல்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன் கைபேசிகள் அனைத்திலும் இது இருக்கிறது. எழுதும்போது மின்சாரம் போனால், பாதியில் நின்ற மாற்றத்தை அடுத்த முறை திறக்கும்போது விலக்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். 2004-இல் வந்த கோப்பு வடிவத்தை இன்றைய பதிப்பும் படிக்கிறது; 2050 வரை ஆதரவு தருவதே தங்கள் நோக்கம் என்கிறார்கள் இதை உருவாக்குவோர்.

இதைப் பயன்படுத்துவோர் சிலவற்றைத் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தாலும் இது இயல்பாக ஏற்றுக்கொள்ளும். 2021-இல் வந்த கண்டிப்பு முறையில் அட்டவணையை அமைத்தால் மறுக்கும். அட்டவணைகளுக்கிடையிலான உறவைச் சரிபார்க்கும் வசதியையும் பொதுவாக ஒவ்வொரு இணைப்பிலும் இயக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களை இது யூனிகோடு எண் வரிசையில் அடுக்குவதால், அகரவரிசையில் கடைசியில் வர வேண்டிய 'ன' பகரத்துக்கு முன்னே வந்து நிற்கும். தமிழ் வரிசைக்குத் தனி விதி சேர்க்க வேண்டும். மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போது கோப்பை அப்படியே நகலெடுத்தால் நகல் பழுதாகலாம். அதற்கென உள்ள காப்புநகல் கட்டளையே பாதுகாப்பானது.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது இதன் எல்லை. பட்டறையின் ஒரே கணினியில் அது குறையாகத் தெரியாது. கோப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்து பல கணினிகளிலிருந்து எழுதினால் பூட்டும் முறை தவறித் தரவு சிதையக்கூடும். அலுவலகம், கிடங்கு, சூளை என மூன்று இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் பதிய வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வரும், அதைப் பராமரிக்கும் பொறுப்பாளரும் தேவை. அப்படி ஒருவரை வைத்துக்கொள்ள இயலாத பட்டறைக்கு, ஒரு கணினி, ஒரு எஸ்க்யூலைட் கோப்பு, வேறிடத்தில் ஒரு காப்புநகல் என்பதே பொருத்தமான அமைப்பு.