எல்லோர் கைக்கும் உரிய இலச்சினை

எங்கள் கணினிக் கழக மாணவியர், நூலகத்தில் புத்தகங்கள் இரவல் போவதைப் பதிவு செய்ய ஒரு சிறு மென்பொருளை எழுதி வருகின்றனர். அது திறந்த மூல மென்பொருள். அதாவது, அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அதற்கு இலச்சினை வரையும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. “அழகான படமொன்று போதாதா?” எனத் தோழியர் கேட்டனர். போதாது என்பதற்கான காரணத்தையே இங்கு விளக்க விரும்புகிறேன்.

ஒரு கம்பனியின் இலச்சினையை அதன் அலுவலகம் கவனித்துக்கொள்ளும். திறந்த மூல மென்பொருளின் இலச்சினையோ முகம் அறியாத பலரின் கைகளுக்குப் போகும். ஒருவர் அதைத் திரையின் மூலையில் 16 பிக்சல் அகலத்தில் வைப்பார். இன்னொருவர் பதாகையில் பெரிதாக்குவார். வர்ண அச்சுப்பொறி இல்லாத பாடசாலையில் அது கறுப்பு வெள்ளை நிழற்பிரதியாக வரும். எங்கே போனாலும் அது அடையாளம் தெரிய வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் டெபியன். 1993இல் இயன் மர்டொக் தொடங்கிய இயங்குதளம் இது. 1999 முதல் அதன் இலச்சினை, தூரிகையால் இழுத்தது போன்ற ஒரு சுழி. ஒரே வடிவம், ஒரே நிறம். டெபியனைக் குறிப்பிட விரும்பும் எவரும் தனியே அனுமதி கேட்காமல் அதைப் பயன்படுத்தலாம். மர்டொக் 2015இல் காலமானார். அந்தச் சுழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இதை மனதிற்கொண்டு நான்கு விதிகளை வகுத்துக்கொண்டேன். முதலாவது, கறுப்பில் மட்டும் வரைந்து பார்ப்பது. நிறம் பிறகு வரட்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதோரும் நம்மிடையே உள்ளனர். இரண்டாவது, நகமளவுக்குச் சிறிதாக்கி, மறைந்துபோகும் கோடுகளை நீக்குவது. இதனால் அலுமாரியும் புத்தக அடுக்கும் போயின. திறந்த புத்தகத்தின் இரு தாள்களே மிஞ்சின. மூன்றாவது, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமிப்பது. அது படத்தைப் புள்ளிகளாக அன்றி, கோடுகளின் கணக்காக வைத்திருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. இன்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் அதை வரையலாம். அதுவும் திறந்த மூலமே. நான்காவது, யாரெல்லாம் எவ்வாறு பயன்படுத்தலாம் என்ற உரிமக் குறிப்பைக் கோப்புடனேயே வைப்பது.

அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதி நான் வெளியேறிவிடுவேன். மென்பொருளைத் தங்கைமார் தொடர்ந்து வளர்ப்பர். அனுமதிக்காகவோ மூலப் படத்துக்காகவோ அவர்கள் என்னைத் தேடி அலையும் நிலை வரக்கூடாது.