மூட்டு புதுசு, தசை பழசு!

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியாச்சா? ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரும் சொந்தபந்தம், "அசையவே கூடாது!" என்று இலவச யோசனை சொல்லும். தலையாட்டுங்கள், ஆனால் கேட்காதீர்கள். மாற்றியது மூட்டைத்தான். அதைத் தாங்குகிற தொடைத் தசை பழசு. சும்மா கிடந்தால் இன்னும் இளைக்கும்.

டாக்டர் சரி என்றதும், காலை நீட்டிப் படுத்து, முழங்காலை மெத்தையில் அழுத்தி, 5 எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். 10 தடவை. மூச்சை அடக்க வேண்டாம்.

முழங்காலுக்கு அடியில் தலையணையா? சுகமாத்தான் இருக்கும். அப்புறம் காலை முழுசாக நீட்ட வராது!

மாடிப்படி ஏற நல்ல கால் முதலில். இறங்க ஆபரேஷன் கால் முதலில்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலிக்கிறதா? உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சும் திணறினால்? ஓடாதீங்க சார், 108-க்கு போன் போடுங்க!