கடைமடைக்கு அப்பால் ஒரு காடு

கல்லணையில் பிரிந்த காவிரி ஆறாகவும் வாய்க்காலாகவும் கிளைத்துக் கடைமடை வயலோடு தீர்ந்துபோகிறது என்றுதான் டெல்டாக்காரர்கள் பலரும் நினைக்கிறோம். தீர்வதில்லை. வயல்கள் வடித்த நீர் கோரையாறு, பாமணியாறு, கிளைதாங்கியாறு வழியாக இன்னும் தெற்கே போகிறது. திருவாரூர் மாவட்டத்தின் கடைசியில், பாக் நீரிணையை ஒட்டி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை வளர்ப்பது அந்த நீர்தான்.

வனத்துறை அனுமதியோடு ஜாம்புவானோடையில் படகேறினால், கோரையாற்றின் இரு கரையிலும் மரங்கள் நெருங்கி வரும். ஆறு முடிந்து லகூன் விரியும் இடத்தில் கண் எட்டும் தூரம்வரை ஆழமில்லாத நீர். குளிர்காலத்தில் போனால் வலசைப் பறவைகளும் இருக்கும். ஆனால் நான் போகிறவர்களிடம் சொல்வது, முதலில் சேற்றைப் பாருங்கள் என்பதுதான்.

மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் கனத்தில் ஆயிரக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நிற்கும். அந்தச் சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது. மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு இவைதான் மூச்சு. ஓதத்தில் நீர் மூடும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜன் செலவாகிறது, வெளிப்படும் கரியமில வாயு நீரில் கரைந்துபோகிறது. வேருக்குள் அழுத்தம் குறைகிறது. நீர் வடிந்ததும் நுண்துளைகள் வழியே புதுக் காற்று தானாக உள்ளே பாய்கிறது. நாளுக்கு இரண்டு முறை கடலே அந்த வேர்களை மூச்சுவிட வைக்கிறது!

உப்பின் பெரும்பகுதியை வேரே தடுத்துவிடும். மீறி வந்ததை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியேற்றும். வெயில் நேரத்தில் இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். விதையும் நிலத்துக்காகக் காத்திருப்பதில்லை. மரத்தில் தொங்கும் காய்க்குள்ளேயே முளைத்து, விழுந்ததும் மிதந்துபோய், இடம் கிடைத்த சேற்றில் வேர்விடுகிறது.

இத்தனை திறமை இருந்தும் இவை தனிக் கடல்நீரில் செழிக்கும் மரங்களல்ல. ஆற்றுநீர் கலக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் முத்துப்பேட்டைக்கு நன்னீர் குறைந்துகொண்டே வரும். கோடையில் லகூனின் உப்பு ஏறும். அதனால்தான் இந்தக் காட்டில் மிகப் பெரும்பான்மை அலையாத்தி என்ற ஒரே இனம். தில்லையும் நரிக்கண்டலும் அங்கங்கேதான்.

மனிதர் கைவைத்தது வேறு கதை. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை விறகுக்காகக் காட்டைக் கூறு கூறாக மொட்டையடித்தார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து அமுங்கியது. பள்ளத்தில் புகுந்த ஓதநீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது. அங்கே விதை விழுந்தாலும் பிழைக்காது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதம் வந்து திரும்ப வழி செய்தன. ஓடும் நீர் உப்பைக் கழுவியது. கரைகளில் நட்ட கன்றுகள் பிடித்தன. டெல்டாக்காரருக்குப் புதிதில்லாத வித்தைதான்: தண்ணீர் தேங்கினால் வடிய வாய்க்கால் வெட்டு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் தென்னந்தோப்புகளைப் போலவே இந்தக் காட்டையும் முறித்துப்போட்டது. புயலை வாங்கிக்கொள்ளும் காட்டுக்கும் ஓர் அளவு உண்டு.

உப்பைத் தாங்கும் இந்தத் திறமையை வயலுக்கும் கொண்டுவர, அதே சுவாமிநாதன் நிறுவனம் அலையாத்தியிலிருந்து மரபணுக்களை எடுத்து நெல்லில் செலுத்தி, உப்பைத் தாங்கும் நெல்லை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது. உழவர் கைக்கு அது இன்னும் வரவில்லை.