வண்டிக்கு அலங்காரமா, உடம்புக்கு ஆறுதலா?

பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் இடையில், ரப்பர் மரங்கள் சூழ்ந்த ஊர் குன்னத்துகால். 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று விழுந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது குன்னத்துகால். கோடு காகிதத்தில்தான். சனிக்கிழமை மாலையானால் இங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாகர்கோவில், வள்ளியூர், திருநெல்வேலி என்று புறப்பட்டு விடுகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

என்னிடம் இருப்பது பழைய ஹிமாலயன். இந்த வண்டியின் பூர்வீகம் நம் ஊர்தான். ராணுவத்தின் எல்லைக் காவலுக்குப் புல்லட் வேண்டும் என்பதற்காக 1955-ல் சென்னையில் தொடங்கியது என்ஃபீல்டு இந்தியா நிறுவனம். கரடுமுரடான பாதையிலும் நெடுந்தூரமும் போவதற்கென்று, 411 சி.சி. என்ஜினுடன் ஹிமாலயனை அது 2016-ல் வெளியிட்டது. 2023 நவம்பரில் 452 சி.சி. என்ஜினுடன் புதிய மாதிரி வந்தது. பழைய மாதிரியே 200 கிலோவை நெருங்கும் கனம். முன்சக்கரம் 21 அங்குலம்.

இமயமலைக்குப் போகிறவர்கள் சிலர். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிறவர்களே நம்மில் பலர். மலைக்காகச் செய்த வண்டியை நம் பயணத்துக்கு எப்படிப் பக்குவப்படுத்துவது? வீட்டு முற்றத்தில், நாலு ஸ்பேனரும் ஓர் ஆலன் கீ செட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு செய்யலாம்? எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்? பணத்தையும் கொஞ்சம் மானத்தையும் செலவழித்து நான் கற்றதைச் சொல்கிறேன்.

முப்பந்தலில் ஓர் இரவு

வண்டி வாங்கிய புதிதில் எனக்குப் பிடித்தது விளக்குப் பைத்தியம். கூடுதலாக இரண்டு விளக்குகள் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். தனி பியூஸ் கிடையாது, ரிலே கிடையாது. சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் வயரில் ஒட்டுப் போட்டு, கறுப்பு டேப் சுற்றினேன். எரிந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் ஒரு நாள் இரவு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து போன் வந்தது. மனைவியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் போகும்போது, என்ஜினும் எல்லா விளக்குகளும் ஒரே நொடியில் நின்றன. பின்னால் லாரிகள் வந்துகொண்டிருந்தன. இருட்டிலேயே ஓரத்துக்கு உருட்டினோம். பியூஸ் பெட்டியில் இருந்த உபரி பியூஸைப் போட்டேன். சாவியைத் திருப்பியதும் அதுவும் போயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"என்னங்க, போன மாசம் வரைக்கும் வண்டி நல்லாத்தானே இருந்தது?" என்றாள் மனைவி. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் கைவிளக்கோடு வந்து பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க புதுசாப் போட்ட வயரை முதல்ல வெட்டி எறியுங்க. அப்புறம் பியூஸ் போடுங்க" என்றார். அப்படியே செய்தேன். வண்டி கிளம்பிற்று. ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தருகே என் வயர் உரசி உரசித் தோல் போய், இரும்பைத் தொட்டிருந்தது. அம்மாவிடம் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். நல்லவேளை, அவர் தேறிவிட்டார்.

அன்றுதான் ஒன்று புரிந்தது. வண்டியோடு நாம் சேர்க்கும் பொருள் பழுதானாலும் வண்டி ஓட வேண்டும். எதைச் சேர்ப்பதற்கு முன்னும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

முதலில் உடம்பு

முதல் செலவு சீட்டுக்காக இருக்கட்டும். மெத்தென்றிருக்கும் பஞ்சு நல்லது என்று நினைப்பது தவறு. பத்து கிலோமீட்டர் சுகமாக இருக்கும். பிறகு அமுங்கி, அடியிலுள்ள பலகையில் உட்கார்ந்தது போலாகிவிடும். கொஞ்சம் கெட்டியான, அகலமான பஞ்சே நூறு கிலோமீட்டருக்கு உகந்தது. கம்பெனி சீட்டை அறுக்காதீர்கள். மேலே விரித்துக் கட்டும் தனி மெத்தை போதுமா என்று முதலில் பாருங்கள். பின்னால் உட்காருபவரையும் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய முதுகும் முதுகுதான்.

தோள் வலித்தால், ஹேண்டில்பாரை உயர்த்தும் கட்டைகள் கிடைக்கின்றன. ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. மாட்டியபின் வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுவதும் திருப்புங்கள். திருப்பும்போது என்ஜின் வேகம் தானாகக் கூடினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோசும் விறைத்து நிற்கக் கூடாது. இந்தச் சோதனையில் தேறாவிட்டால் கட்டையைக் கழற்றி விடுங்கள்.

உயரமான காற்றுத் தடுப்புக் கண்ணாடி மார்புக்கு நல்லது. ஆனால் அதன் விளிம்பைத் தாண்டும் காற்று சுழன்று ஹெல்மெட்டில் மோதினால் தலை ஆடும், காது இரையும். கண்ணாடிக்கு மேலாகச் சாலையைப் பார்க்கும் உயரமே போதும்.

பிறகு சுமை

ஊருக்குப் போகும்போது நேந்திரங்காய் சிப்ஸ், வரும்போது அரிசியும் கருப்பட்டியும். இதற்காகத்தான் பெட்டி வாங்குகிறோம். பின்சக்கர அச்சுக்குப் பின்னால், உயரத்தில் வைக்கும் சுமை தராசுத் தட்டைப் போல முன்சக்கரத்தைத் தூக்கும். ஹேண்டில்பார் லேசாகி ஆட்டம் காணும். கனமான சாமானைப் பக்கப் பைகளில் தாழ்வாக, இரு பக்கமும் சமமாக வையுங்கள். மேல்பெட்டியில் மழைக்கோட்டும் துணியும் போதும். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தால், அதை மதிக்க வேண்டும்.

நம் வழியில் இன்னொரு விஷயமும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று அங்கே நிற்பது அதனால்தான். ஆடி மாதத்தில் அகலமான பெட்டிகளோடு அந்த இடத்தைக் கடந்தால், காற்றாடியைப் போல வண்டியும் காற்றைப் பிடிக்கும். அந்த மாதங்களில் பெட்டியைக் கழற்றிவிட்டுத் துணிப்பையோடு போவதே என் வழக்கம்.

சுமை ஏறினால் பின்பக்கம் தாழும். முன்விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறும். வண்டியோடு வரும் புத்தகத்தில் சொன்னபடி பின் சஸ்பென்ஷனை இறுக்கி, டயர் காற்றையும் இருவருக்கான அளவுக்கு ஏற்றுங்கள். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் கடையில் வாங்கும் பாதிச் சாமான்களைவிட இது அதிக சுகம் தரும்.

மின்சாரத்தில் கணக்கு வேண்டும்

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 40 வாட். 12-ஆல் வகுத்தால் மூன்றே கால் ஆம்பியருக்குச் சற்று அதிகம். அதற்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். கைபேசிச் சார்ஜருக்கு ஓர் ஆம்பியர் அளவில்தான் தேவை. எதுவானாலும் பாட்டரியிலிருந்து தனி வயர், பாட்டரியை ஒட்டியே தனி பியூஸ், விளக்குக்கு ரிலே, உரசும் இடங்களில் உறை. அப்படிச் செய்தால் சேர்த்த பொருளின் பியூஸ் மட்டும் போகும், வண்டி ஓடும். நான் விளக்குகளைக் கழற்றிவிட்டேன். சார்ஜர் மட்டும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, இவ்விதம் மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. சைலன்ஸரை மாற்றுவது, சட்டத்தை வெட்டுவது, கண் கூசும் விளக்கு இவையெல்லாம் வேண்டாத வம்பு.

பெட்டிக்கும் 2020-ல் அளவு வகுத்தார்கள். நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதைப் பின்சீட்டில் வைத்தால் இன்னொருவரை ஏற்ற முடியாது. சேலை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் சாரி கார்டைப் பக்கப் பைக்கு இடைஞ்சல் என்று கழற்றுகிறார்கள். அது சட்டம் கேட்கும் பொருள். உயிர் காக்கும் பொருளும்கூட. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பது கேரளத்தில் 2019 டிசம்பரிலிருந்து அமலில் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு இங்கே வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால், 47-வது பிரிவின்படி இந்த மாநிலப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்வதைவிட இது எளிது. எந்தச் சாமானைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும், வாங்கும் முன்பே மோட்டார் வாகன அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இப்போது என் வண்டியைப் பார்ப்பவர்கள், "ஒன்றுமே மாட்டவில்லையே?" என்கிறார்கள். கெட்டியான ஒரு மெத்தை, சமமான இரண்டு பைகள், ஒரு சார்ஜர், பையில் நாலு உபரி பியூஸ். அவ்வளவுதான். போன மாதம் திருநெல்வேலியில் இறங்கியதும் மனைவி முதுகைப் பிடித்துக்கொள்ளவில்லை. நேரே உள்ளே போய் அம்மாவுக்குக் காப்பி போட்டாள். வண்டி தேறிவிட்டது என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.